நாற்பத்தொரு அட்டைகள்

ஜனவரி 25, ஞாயிறு

நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி. பால்காரர் வராத நாட்களைக் குறித்து வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். இந்த வருஷம் என்னையே குறித்து வைக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

கழுத்தில் பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. வெள்ளிக்கிழமை அதில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இன்று சர்ச்சில் பெண்கள் சங்கச் செயலாளர் டார்த்தி அக்கா கட்டிப்பிடித்து, "விசுவாசம் இருந்தா ஒரு கட்டியும் நிக்காது டீச்சர்" என்றார். அவர் பதினைந்து வருஷமாக தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். அதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் பொன்சிங் வழக்கம்போலப் பிரசங்கம் தொடங்கி நான்காவது நிமிஷத்தில் தூங்கிப்போனார். மின்சார ஆபீஸில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். கம்பத்தின் மேல் தூங்க முடியாததையெல்லாம் சர்ச்சில் தூங்கித் தீர்க்கிறார். மூன்று முறை முழங்கையால் இடித்தேன். மூன்றாவது இடிக்கு "ஆமென்" என்றார்.

ஜனவரி 31, சனி

லிம்போமா. நிணநீர்க் கட்டிகளில் வருகிற புற்றுநோய். பெயரைக் கேட்டால் ஏதோ இனிப்புப் பண்டம் போல இருக்கிறது.

இருபத்தொரு நாளைக்கு ஒன்று என்று ஆறு கீமோ. டாக்டர் பெண் என் மகள் ஷீபா வயசுதான் இருப்பாள். "நூறு பேருல அறுபது, எழுபது பேருக்கு நல்லாயிரும் மேடம்" என்றாள். முப்பத்துநான்கு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் இதைச் சொல்லலாமா? "மீதி முப்பது பேரு எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. பொன்சிங் ஜன்னலுக்கு வெளியே டிரான்ஸ்பார்மரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வாக்குத்தத்தப் பெட்டியை எடுத்தேன். கிறிஸ்தவ வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். தீப்பெட்டி அளவு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். கண்ணை மூடி ஒன்றை எடுத்தால், அன்றைக்கு ஆண்டவர் நமக்குச் சொல்வது அதுதான். எங்கள் பெட்டியில் இருநூறு அட்டைகள். பொன்சிங் இதுவரை அதைத் தொட்டதே இல்லை.

எனக்கு வந்தது, மேலே நமக்கென்று இடம் ஆயத்தமாக இருக்கிறது என்கிற ரகம். உடம்பு நன்றாக இருக்கும்போது எத்தனையோ தடவை எடுத்து ஸ்தோத்திரம் சொன்ன அட்டைதான். இன்று வீட்டுத் தரகர் போன் செய்தது போல இருந்தது.

பொன்சிங் என் கையிலிருந்து அதை வாங்கிப் படித்தார். "சவம், நீ சரியாக் குலுக்காம எடுத்துட்ட. இன்னொண்ணு எடு."

"ஆண்டவர்கிட்ட மறுதேர்வு கிடையாதுங்க" என்றேன்.

அட்டையோடு எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

முதல் கீமோ. காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து வரை. ஒரு மருந்து ரோஸ்மில்க் நிறம். அது இறங்கும்போது நர்ஸ் கையுறை, முகக்கவசம், மேலங்கி எல்லாம் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் கையில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாதாம். என் நரம்புக்குள் மட்டும் ஒரு குப்பி முழுக்கப் போகலாம்.

இப்போது தினமும் காலையில் பொன்சிங்கே பெட்டியைக் கொண்டுவந்து நீட்டுகிறார். இன்றைய அட்டை, எதிரிகள் சிதறி ஓடுவார்கள் என்கிற ரகம். கூடவே அவர் போட்ட காபி. முதலில் ஓடியது அந்தக் காபியைக் குடித்த நான்தான்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஸ்டீராய்டு மாத்திரையின் கருணையால் ஒன்பது இட்லி. பத்தாவதைப் பொன்சிங் எடுத்துவிட்டார். சுயநலம்.

பிப்ரவரி 19, வியாழன்

டார்த்தி அக்கா தலைமையில் ஐந்து பேர் வந்தார்கள். ஹார்லிக்ஸ் நான்கு பாட்டில், ஆரஞ்சு இரண்டு கிலோ, அறிவுரை அளவில்லாமல். ஒருவர் பப்பாளி இலைச் சாறு என்றார். இன்னொருவர் முள்சீத்தாப்பழம் என்றார். ஜெபம் முடிந்ததும் டார்த்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். மனசுல மறைச்சு வச்ச பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிருங்க. சுகம் தானா வரும்."

கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தேன். "ஒண்ணே ஒண்ணு இருக்குக்கா. உங்க மகனுக்கு ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில அஞ்சு மார்க்கு கூடப் போட்டுப் பாஸ் பண்ணி விட்டேன். அதைத் திருப்பி எடுத்துரலாமா?"

பொன்சிங் அவசரமாக அடுப்படிக்குள் போனார். ஐந்து பேருக்கும் அவருடைய காபி கிடைத்தது. ஆண்டவர் நீதியுள்ளவர்.

பிப்ரவரி 27, வெள்ளி

முடி கொட்டத் தொடங்கிவிட்டது. கொட்டுகிறது என்பது மரியாதையான வார்த்தை. தலையணையோடு எழுந்து வருகிறது. குளியலறைத் தண்ணீர் போகும் வழி அடைத்துக்கொண்டது. பொன்சிங் கம்பியை விட்டு எடுத்தார், பெருக்கினார். முப்பத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் விளக்குமாறு எடுத்தது இது மூன்றாவது முறை. அதற்கு இவ்வளவு செலவழிக்க வேண்டியிருந்தது, என் தலைமுடி முழுக்க.

"எப்படி இருக்கேன்?" என்று கேட்டேன்.

"புது பல்பு மாதிரி இருக்க."

இந்த மனிதரிடம் கவிதை கிடைக்காது என்று எனக்கு முப்பத்தாறு வருஷமாகத் தெரியும். இருந்தாலும் சிரித்துவிட்டேன். பிறகு கொஞ்சம் அழுதேன். அதையும் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

வெள்ளணுக்கள் குறைவு. கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பதால் அவரைத் தனியாக சர்ச்சுக்கு அனுப்பினேன். மத்தியானம் டார்த்தி அக்கா போன் செய்தார்.

"டீச்சர், உங்க வீட்டு அண்ணன் பிரசங்கம் பூராக் கண்ணு மூடல! ஒரு மணி நேரமும் முழிச்சிருந்தாரு! உங்க சோதனை மூலமா ஒரு ஆத்துமா விழிச்சிருக்கு, பாத்துக்கோங்க."

என் கட்டிக்கு இப்படியொரு ஊழியம் இருப்பது எனக்குத் தெரியாது.

வீட்டிலும் அவர் மத்தியானத் தூக்கத்தை நிறுத்திவிட்டார். நான் கண் விழிக்கும்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டால் மின்விசிறியில் சத்தம் வருகிறதா என்று பார்க்கிறாராம். வயசானால் தூக்கம் குறையும் என்பார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

பின்பக்கம் துணி அலசும் சத்தத்தோடு பேச்சுச் சத்தமும் கேட்டது. ஜன்னலோரம் போய் நின்றேன். வாளிக்கு முன்னால் குந்தியிருந்தார், கையில் என் நைட்டி, கண்கள் மூடியிருந்தன.

"ஆண்டவரே, பொன்சிங் பேசுதேன். மேற்படி என் வீட்டுக்காரி பியூலா விஷயமா ஏற்கெனவே ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். நடவடிக்கை ஒண்ணும் தெரியல. நேத்துலருந்து வாய்ப்புண்ணு வேற. சோறு எறங்க மாட்டேங்கு. தயவு செஞ்சு சீக்கிரம் பாக்கணும். நான் சர்ச்சுல தூங்குனதை இதுல சேக்கப்படாது. அது தனி விஷயம். ஆமென்."

நான் பத்து வயசிலிருந்து ஜெபிக்கிறேன். சங்கத்தில் என் ஜெபத்துக்கு நல்ல பெயர் உண்டு. ஒரு நாளும் இவ்வளவு தெளிவாக மனுக் கொடுத்ததில்லை.

இரவுச் சோற்றைக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டேன். பசித்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 8, புதன்

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு காய்ச்சல். ஆறு நாள் ஆஸ்பத்திரி. அங்கேயும் காலையில் பெட்டி வந்தது, ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில். உயிர்த்தெழுந்த ஞாயிறன்று நான் எழுந்து பாத்ரூம் வரை போய் வந்தேன். அவரவர் சக்திக்கு.

ஏப்ரல் 13, திங்கள்

நாளை நான்காவது. போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கேலி செய்யக்கூடத் தெம்பில்லை. வாய் முழுக்க இரும்புத் துருவின் சுவை. பட்டன் போட விரல் கேட்க மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரியில் அடுத்த படுக்கையில் இருந்த பெண் வெள்ளிக்கிழமை இறந்துபோனாளாம். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் அந்த முப்பதில் ஒருத்தியா என்று என் மூளை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. பயமாக இருக்கிறது. பயந்து பயந்து களைத்துப்போனேன். இன்னும் மூன்று இருக்கிறது. நிறுத்திவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. ஷீபா மஸ்கட்டிலிருந்து போனில் அழுதாள். நான் அசையவில்லை.

பொன்சிங் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நான் சொல்லல. ஷீபா சொல்லல. டாக்டரும் சொல்லல. நீயே எடு. மேல போற அட்டை வந்தா, நாளைக்கு ஆட்டோ வேண்டாம்னு சொல்லிருதேன். நட, போ-ன்னு வந்தா போவோம்."

"வார்த்தை மாற மாட்டீங்களே?"

"நான் என்னைக்குளா மாறியிருக்கேன்?"

நன்றாகக் குலுக்கினேன். இரண்டு தடவை. எடுத்தேன். தண்ணீரைக் கடந்தாலும் நெருப்பில் நடந்தாலும் துணை வருவேன் என்கிற ரகம். இதைவிடத் தெளிவாக ஆண்டவர் ஆட்டோ நம்பரைத்தான் எழுதியனுப்ப வேண்டும்.

ஒத்துக்கொண்டேன். பந்தயம் பந்தயம்தான். பொன்சிங் உடனே எழுந்து முகம் கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

போனேன்.

மே 9, சனி

ஐந்தாவது முடிந்து நான்காம் நாள். தெர்மாமீட்டருக்கு பேட்டரி போய்விட்டது. புதிது வாங்கப் பொன்சிங் கடைக்குப் போயிருந்தார். அவருடைய பழைய காக்கிப் பையில் டெஸ்டர், பேட்டரி எல்லாம் கிடக்கும் என்று துழாவினேன். கட்டிங் பிளேயருக்கு அடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. வசன அட்டைகள்.

எண்ணினேன். நாற்பத்தொன்று. மேலே இருந்தது ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி நான் எடுத்த தரகர் அட்டை. அதற்குக் கீழே எல்லாம் அதே ரகம். இளைப்பாறுதல், நித்திரை, வாடுகிற பூ, ஓட்டம் முடித்தவனுக்குக் கிரீடம், கண்ணீரில்லாத தேசம். மரண வாசனை லேசாக அடித்தால்கூடப் பொறுக்கி எடுத்திருக்கிறார். வசனம் படித்துப் பழக்கமில்லாத மனிதர் இருநூறையும் உட்கார்ந்து படித்துப் பிரித்திருக்கிறார்.

பிப்ரவரி ஒன்று முதல் இன்று வரை தொண்ணூற்றெட்டு நாள். இருநூறில் நாற்பத்தொன்று இருக்கும் பெட்டியில் தினமும் ஒன்று எடுத்து, தொண்ணூற்றெட்டு தடவையும் அவற்றில் ஒன்றுகூட வராமலிருக்க நிகழ்தகவு கிட்டத்தட்ட அறுநூறு கோடியில் ஒன்று. கணக்கு டீச்சர் இதைக் கவனிக்கவில்லை. கவனிக்க விரும்பவில்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

அப்படியானால் ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி நடந்தது தேர்தல் இல்லை, கள்ள ஓட்டு. நான் நெருப்பில் நடந்தது ஆண்டவர் சொல்லி இல்லை, ஓய்வு பெற்ற ஃபோர்மேன் சொல்லி.

அவர் பேட்டரியோடு வந்தார். அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"இது என்ன?"

பார்த்தார். செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கம்பத்துல ஆள் ஏறும்போது என்ன செய்வோம், தெரியுமா? டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸ் கட்டையக் கழத்துவோம். கழத்தி அங்கனயே வச்சுட்டு ஏற மாட்டோம். பையில போட்டு நம்ம கைவசமே வச்சுக்கிடுவோம். ஏன்னா, எவனாவது வருவான். கெட்டவனா இருக்க மாட்டான். ஐயோ, கரண்ட் இல்லாம ஜனங்க கஷ்டப்படுதாங்களேன்னு நல்லது நினைச்சு அதை எடுத்துச் சொருகிருவான். மேல இருக்கவன் கதை முடிஞ்சிரும்."

மேலே இருந்த தரகர் அட்டையைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

"நீ மேல நிக்க, பியூலா. அந்த வசனத்துல தப்பொண்ணும் இல்ல. நல்ல கரண்ட்தான். ஆனா நீ எறங்குத வரைக்கும் அது என் பையில கெடக்கட்டும்னு நினைச்சேன்."

"ஆண்டவர் பெட்டியில கைவச்சிருக்கீங்க. பாவம் இல்லையா?"

"அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன்" என்றார். "வேண்டாம்னு அவரு சொல்லல."

ஏமாற்றப்பட்டவள் நான். கோபப்பட எனக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையை எங்கே வைத்தேன் என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அட்டைகளுக்கு மறுபடி ரப்பர் பேண்ட் போட்டு, காக்கிப் பையில் அதே இடத்தில், கட்டிங் பிளேயருக்கு அடியில் வைத்தேன்.

"தெர்மாமீட்டருக்கு பேட்டரி போடுங்க" என்றேன். குரல் சரியாக வரவில்லை. வாய்ப்புண்.

மே 26, செவ்வாய்

ஆறாவது. இந்தத் தடவை அட்டை எடுக்கவில்லை. அவர் நீட்டினார், நான் வேண்டாம் என்றேன். ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது, ரத்துச் செய்தால் டிரைவர் வருத்தப்படுவார். அதற்காகத்தான் போனேன்.

ஜூன் 10, புதன்

விரல் நுனிகள் மரத்துப்போய்க் கிடக்கின்றன. தினமும் கொஞ்சம் எழுதிப் பழகினால் நல்லது என்றாள் டாக்டர் பெண். ஒரு பக்கம் கோடு போட்டேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து.

ஜூன் 16, செவ்வாய்

எழுதினேன்.

ஜூன் 23, செவ்வாய்

எழுதினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் நல்ல வழவழப்பு. கத்தரிக்கோல் பிடிக்க விரல் வலிக்கிறது. என்ன எழுதுகிறேன் என்பது இந்த டைரிக்குத் தேவையில்லாத விஷயம். பொன்சிங் எட்டிப்பார்த்தார். விரல் பயிற்சி என்று சொல்லி விரட்டினேன்.

நாளை மறுநாள் ஸ்கேன். அதன் முடிவு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை.

ஜூலை 3, வெள்ளி

பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் பொன்சிங் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது. சரிசெய்யப் போனால் அவர் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"நான் வெளியவே நிக்கேன். நீ மட்டும் உள்ள போயிட்டு வா" என்றார்.

முப்பது அடிக் கம்பத்தின் உச்சியில் மழையில் நின்றவர்.

பெட்டியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். "இன்னைக்கு நீங்க எடுங்க."

"எனக்கு இதெல்லாம் வராது."

"கண்ணை மூடி எடுங்க."

மூடினார். ஒன்றை எடுத்துக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"இது எந்த வசனம்?"

"உங்களுக்குத் தெரியாத வசனம். சத்தமாப் படிங்க."

"'நான் எங்கேயும் போகவில்லை. காபி போடுங்கள்.'"

என்னை ஒருமுறை பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அதிலும் அதேதான். கோணல் மாணலான அதே கையெழுத்து. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. பெட்டியை மடியில் கவிழ்த்தார். நூற்று ஐம்பத்தொன்பது அட்டைகளிலும் அது ஒன்றுதான். அசல் அட்டைகளை என் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"எனக்கும் ஃபியூஸைக் கழத்தத் தெரியும்" என்றேன். "முடிவு என்ன வேணா வரட்டும். நீங்களும் உள்ள வாங்க."

அவர் அழுதார். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனிதர் இல்லாமல் இரண்டாவது கீமோவையே தாண்டியிருக்க மாட்டேன். அவரிடம் சொல்ல மாட்டேன், இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு அவர் எழுந்து போய்க் காபி போட்டார். வாயில் துருச்சுவை போய்விட்டதால் அது எவ்வளவு மோசம் என்பது முழுதாகத் தெரிந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கழுத்தில், நெஞ்சில், எங்கேயும். டாக்டர் பெண் இரண்டு தடவை சொன்னாள். இன்னும் இரண்டு வருஷத்துக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டுமாம். ஆஸ்பத்திரி வாசலில் பொன்சிங்கிடம் கையை நீட்டினேன்.

"எறங்கிட்டேன். என் நாப்பத்தொண்ணையும் குடுங்க."

காக்கிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "ரெண்டு வருசம்னு சொல்லுதால்லா? நீ இன்னும் ஏணியிலதான் நிக்க. கால் தரையில படட்டும்."

ஜூலை 5, ஞாயிறு

சர்ச்சில் ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்கள். தலையில் அரை அங்குல முடியோடு முன்னால் போய் நின்று நன்றி சொன்னேன். யாருக்கு என்று ஆண்டவருக்குத் தெரியும், அவருக்கு அதில் வருத்தமிருக்காது. டார்த்தி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நம்ம பொன்சிங் அண்ணன் நம்ம சபைக்கே ஒரு சாட்சி" என்றார்.

திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரசங்கம் தொடங்கியது. நான்காவது நிமிஷத்தில் பொன்சிங்கின் தலை சாய்ந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு, வாய் லேசாகத் திறந்து, குறட்டையோடு. முன்வரிசையிலிருந்து டார்த்தி அக்கா திரும்பி என்னைப் பார்த்து, இடிக்கும்படி ஜாடை காட்டினார்.

நான் இடிக்கவில்லை. தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன்.